பிறந்த கோட்டுக்கு இந்தப் பக்கம்

டக். இந்தச் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை. நகத்தால் மேசையைச் சுண்டின மாதிரி ஒரு சத்தம், கூடவே குண்டூசி முனை அளவுக்கு நீலவெள்ளையாக ஒரு பொறி, அவ்வளவுதான், லேசர் ஒருமுறை சுட்டு முடித்துவிட்டது. அந்தப் பொறிக்குள் ஜெனிஸ் என்கிற ஏழு வயசுப் பையனின் பால்பல்லிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு ஆவியாகி, அதிலிருந்த ஒவ்வொரு அணுவும் தனக்கென்று உள்ள நிறத்தைக் காட்டிவிட்டு அணைந்துபோனது. அந்த நிறங்களை இந்தப் பெட்டி பிரித்தெடுத்துத் திரையில் கோடு கோடாக நிறுத்தியிருக்கிறது. கால்சியம், கால்சியம், பாஸ்பரஸ், மறுபடியும் கால்சியம், பல் என்றால் அதுதானே. நான் தேடுவது அந்தக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு முகத்தை. லெட். பழைய பெட்ரோலிலும் பழைய பெயிண்டிலும் இருந்த அந்த நஞ்சு. இருந்தால் ஊதா நிறத்தின் ஓரத்தில், கால்சியக் கோடுகளின் நிழலில்தான் இருக்கும். இல்லை. இன்னும் இல்லை. கை வியர்க்கிறது, கையுறைக்குள் விரல் வழுக்குகிறது, மதியம் டப்பாவைத் திறக்கவே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது, சோறு ஊசிப்போயிருக்கும், போகட்டும். யாராவது இப்போது வந்து உன் பெயர் என்ன என்று கேட்டால் ஆவுடைசெல்வி, இயற்பியல் துறை என்று சொல்வதற்குப் பதிலாக லெட் என்று சொல்லிவிடுவேன் போலிருக்கிறது. திருகைத் திருப்பு. பல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சின்ன மேடையை நகர்த்துகிற மோட்டார் போன வருஷமே செத்துப்போனது, கையால்தான் திருப்ப வேண்டும், ஒரு முடியின் பருமன் அளவுக்கு, அதற்கு மேல் போனால் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் ஒன்றிரண்டு மாதங்களைத் தாண்டிக் குதித்துவிடுவேன். மெதுவாக. டக்.

வெளியே வராந்தா பெஞ்சில் டெல்பின் இருக்கிறாள், ஜெனிஸின் அம்மா. கதவின் கண்ணாடி வழியே அவளுடைய முழங்கையும் மஞ்சள் துணிப்பையும் மட்டும் தெரிகின்றன. முழங்கை அசையவே இல்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன், வேண்டாம் மேடம் என்றாள், லேசர் வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது என்று நினைக்கிறாள். அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று சொல்லியும் கேட்கவில்லை. நாலு மாசம். ரெண்டாவது. இது தெரிந்தபிறகுதான் அவள் இந்தப் பல்லைப் பற்றி விடாமல் கேட்க ஆரம்பித்தாள். முதல் பிள்ளை ஓயாமல் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கிறான், ஒன்றாம் வகுப்பில் படித்த எழுத்தை ரெண்டாம் வகுப்பில் மறந்துபோகிறான், நல்லாப் பேசிக்கொண்டே இருக்கும்போது கையில் கிடைத்ததைத் தூக்கி எறிகிறான். பேய் என்று சொல்லி ஒரு வருஷம் அலைந்தார்களாம். பிறகு பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தத்துல லெட் கூடுதலா இருக்கும்மா என்றார். எங்கிருந்து வந்தது என்று கார்த்திகை மாசம் ஆஸ்பத்திரி ஆள்கள் போய் அவர்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்தார்கள், மஞ்சள்தூளைப் பார்த்தார்கள், ஜன்னல் பெயிண்டைச் சுரண்டிக் கொண்டுபோனார்கள், ஒன்றிலும் இல்லை. வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் பிள்ளையின் உடம்புக்குள் எப்படி வந்தது. அந்த டாக்டர்தான் என்னிடம் அனுப்பினார், பல்லுக்குள்ள என்ன இருக்குன்னு படிக்கிற ஒரு அம்மா காலேஜ்ல இருக்காங்க என்று. படிக்கிற அம்மா. எங்கள் துறைத்தலைவர் அப்படிச் சொல்லமாட்டார், ஆவுடை, நாம ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்டா, பல்லாஸ்பத்திரியா என்பார். சார், ரெண்டும்தான் சார். இன்றைக்குச் சாயங்காலம் அவரிடம் அப்படியே சொல்லப்போகிறேன், ஏதாவது கிடைத்தால். கிடைக்காவிட்டால் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன்.

அவளிடம் இதை எப்படிப் புரியவைப்பது என்று முதல் நாள் திணறிப்போனேன். கடைசியில் சோறு பொங்கி வழிவதைச் சொன்னேன். கேஸ் அடுப்பில் நீலமாக எரிந்துகொண்டிருக்கும், கஞ்சி பொங்கி வழிந்து தீயில் விழுந்ததும் ஒரு கணம் மஞ்சளாகிவிடும் பார்த்திருக்கிறீர்களா, அது உப்பு, உப்பு எங்கே எரிந்தாலும் அந்த மஞ்சள்தான், அதுதான் உப்பின் கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு, இந்த மெஷின் பல்லைத் துளித்துளியாக எரித்து நிறத்தைப் பார்க்கிறது. அவள் தலையாட்டினாள், பிறகு சொன்னாள், கருவாடு சுட்டாலும் அப்படித்தான் மேடம் ஆகும். எனக்குச் சிரிப்பும் பொங்கிவந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நான் பத்து வயசில் பாளையங்கோட்டை வீட்டுச் சமையலறையில் உப்பை ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாக அடுப்பில் தூவித் தூவிப் பார்த்து, பர்னர் அடைத்துப்போய் அம்மாவிடம் கரண்டியால் வாங்கியிருக்கிறேன். அந்த மஞ்சளுக்காகத்தான் எல்லாம். அதன் பிறகு வந்த பட்டங்களும் கல்லூரியும் காலையில் ஏழு மணிக்கு வந்து கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருப்பதும் எல்லாமே அந்த ஒரு சிட்டிகைக்குப் பின்னால் வந்தவைதான். டக். இதோ இன்னொன்று. கால்சியம். அடுத்து. பல் கருகுகிற வாடை லேசாக வருகிறது, முடி கருகுகிற மாதிரி, எனக்கு அது பழகிவிட்டது. பல்லின் மேல்பக்கத்திலிருந்து தொடங்கி உள்பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். மேல்பக்கம் முதலில் உண்டானது, அவன் வயிற்றுக்குள் இருக்கும்போதே. உள்ளே போகப்போக வயசு கூடும், நடுவிலிருக்கும் அந்தச் சதைக்குழியின் ஓரம் வந்தால் பல் விழுந்த நாள், இந்த மாசி மாசம். இந்தப் பக்கம் கரு, அந்தப் பக்கம் மாசி, நடுவில் மூக்குத்திக் கல் அகலம்கூட இல்லை.

இதற்கு நடுவில் ஒரு கோடு இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மெல்லிசாக, கறுத்த நூல் மாதிரி. எல்லோர் பால்பல்லிலும் இருக்கும், எனக்கும் இருந்திருக்கும். குழந்தை பிறக்கிற அன்று, வெதுவெதுப்பிலிருந்து காற்றுக்குள் வந்து விழுகிற அந்த அதிர்ச்சியில் பல் வளர்வது ஒரு நிமிஷம் தடுமாறி நின்றுவிட்டுப் பிறகு தொடரும், அந்தத் தடுமாற்றம்தான் கோடு. இதை முதல்முதலாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றேன், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்வதற்கு ஆள் இல்லை, கீழே தெருவில் ஐஸ்வண்டி போய்க்கொண்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் லெட் இருந்தால் அது அம்மாவின் ரத்தத்திலிருந்து வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது. இவ்வளவுதான் கேள்வி. இந்தக் கேள்வியைத்தான் டெல்பின் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள், கோடு இருப்பதே தெரியாமல். போன மாசம் பல்லைக் கொண்டுவந்து கொடுத்த அன்று, அவன் கூரைமேல எறியணும்னு ஒரே அழுகை மேடம், பல்லுக்குப் பதிலா ஒரு சோழியக் குடுத்து எறியச் சொன்னேன் என்று சிரித்தவள், பையை மடியில் வைத்துக்கொண்டு சட்டென்று சொன்னாள். "மேடம், இவன் வயித்துல இருக்கையில நான் சுவத்துச் சுண்ணாம்பப் பேத்துத் தின்னேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. மழ பெஞ்சு சுவரு நனஞ்சு ஒரு மணம் வரும் பாருங்க, கை நிக்காது. எங்க அத்தை பாத்துட்டாவ. இப்ப அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்காவ, நீ தின்ன சுவருதான்ட்டி எம் பேரன் மண்டைக்குள்ள இருக்குன்னு." பிறகு, "இப்பவும் மணம் வருது மேடம். சுவரு இல்லாத இடமாப் பாத்து உக்காருதேன்" என்றாள். பழைய சுவர்களில் பெயிண்டுக்கடியில் என்னென்னவோ இருக்கும், இருக்கவே இருக்காது என்று நான் எப்படிச் சொல்வது. மெஷின் சொல்லும் என்று சொன்னேன். இப்போது நினைத்தால் எவ்வளவு துணிச்சலான வாக்கு. டக். கால்சியம். கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இன்னும் இருக்கிறேன். லெட் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருக்கிறது, துடைத்துவிட்ட மாதிரி.

தட்டை. தட்டை. ஏழாவது மாசமாக இருக்கலாம், எட்டாவது மாசமாக இருக்கலாம், தட்டை. எனக்குள் ஏதோ மேலே ஏறுகிறது, அதைப் பிடித்துக் கீழே உட்காரவைக்கிறேன், பொறு, பொறு. இல்லை என்பதற்கு ரெண்டு அர்த்தம் உண்டு. நிஜமாகவே இல்லை. அல்லது இருக்கிறது, என் மெஷினுக்குக் கண் போதவில்லை. இந்த ரெண்டாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிற பூதம். செகண்ட்ஹேண்டில் வாங்கின லேசர், கடன் கேட்டு வாங்கின ஸ்பெக்ட்ரோமீட்டர், நானே பசை வைத்து ஒட்டின லென்ஸ். நான் போய் டெல்பினிடம் இல்லை என்று சொல்லி, அவள் நம்பிக்கையோடு ரெண்டாவது பிள்ளையைப் பெற்று, பிறகு வேறு யாரோ நல்ல மெஷினில் பார்த்து இருக்கிறதே என்று சொன்னால். அதற்காகத்தான் என் கடைவாய்ப் பல்லையே பிடுங்கிக் கொடுத்தேன் இந்த மெஷினுக்கு, ஞானப்பல், வலித்துக்கொண்டிருந்தது, எப்படியும் பிடுங்க வேண்டியதுதான், பல் டாக்டரிடம் தயவுசெய்து தூக்கிப்போட்டுவிடாதீர்கள் என்று கேட்டு வாங்கிவந்தேன், அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் பல்லில் லெட் கொஞ்சமாகத் தெரிந்தது. லெட் போட்ட பெட்ரோல் காலத்துப் பிள்ளை நான், பாளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வீடு, தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம், பைத்தியக்காரத்தனமான சந்தோஷம், அட, பார்க்கிறதே, என் மெஷின் பார்க்கிறதே. என் பல்லில் அவ்வளவு கொஞ்சமாக இருந்ததையே பார்த்த கண் இந்தப் பிள்ளையின் பல்லில் இருந்தால் பார்க்காமல் போகுமா. போகாது. ஆனாலும் ஒரே பல்லில், இதே பல்லில், ஒரு இடத்திலாவது லெட் தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. என்ன விபரீதமான ஆசை, ஒரு குழந்தையின் பல்லில் நஞ்சு தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தெரிய வேண்டும், ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரிய வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன், அடுத்த புள்ளி கோட்டின் மேலேயே விழும். ஜெனிஸ் பிறக்கிறான். ஐப்பசி அடைமழையில் பிறந்தானாம், ஆட்டோ கிடைக்காமல் மீன்வேனில் கூட்டிக்கொண்டு போனார்களாம். டக். ஒன்றுமில்லை. பிறந்தாயிற்று. ஒன்றுமில்லை.

கோட்டைத் தாண்டிவிட்டேன், இன்னும் தட்டை, முதல் வருஷம் முழுக்கத் தட்டை, பல் முளைத்து, நடந்து, எல்லாம் தட்டை, இப்போது பூதம் மறுபடி தலையைத் தூக்குகிறது, கண் போதவில்லை, ரத்தத்தில் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கிறது, பல்லில் எங்கேயோ இருந்தாக வேண்டும், நீ குருடி, உன் மெஷின் குருடு. ஆர்கான் வாயு சரியாக வருகிறதா, வருகிறது, லென்ஸில் தூசி இல்லை, திருகு, டக், தட்டை, திருகு, டக். அது என்ன. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குக் கிட்டே போகிறேன். ஊதாவின் ஓரத்தில் ஒரு சின்ன முளை. மெஷினின் இரைச்சலாக இருக்கும், இப்படித் துள்ளுவது வழக்கம்தான். அதே இடத்தில் மறுபடி சுடு. இருக்கிறது. மறுபடி. இருக்கிறது. அடுத்த புள்ளி, முளை வளர்ந்து நிற்கிறது, கால்சியத்துக்குப் பக்கத்தில் கூசாமல் நிற்கிறது, லெட், லெட்டேதான். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன் என்பது முழங்கால் மேசையில் இடித்தபோதுதான் தெரிகிறது. குருடி இல்லை. மெஷின் பார்க்கிறது, இவ்வளவு தெளிவாகப் பார்க்கிற கண், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான். டெல்பின், அந்தச் சுவர் இல்லை. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா. பொறு, முழுசாக முடி, பாதியில் ஓடினால் நாளைக்கு நீயே உன்னை நம்பமாட்டாய். திருகு. டக். இறங்குகிறது. என்ன, ஏன் இறங்குகிறது. இன்னும் இறங்கி, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விட்டது. போய்விட்டதா. திருகு, டக், தட்டை, திருகு, டக், மறுபடி ஏறுகிறது. ஏறி, நின்று, இறங்கி. கடலில் அலை வருகிற மாதிரி. என் கை தானாகத் திருகுகிறது, நான் மூச்சு விடுகிறேனா என்று தெரியவில்லை, மூன்றாவதாக ஏறுகிறது, இறங்குகிறது, நாலாவது, ஐந்தாவது. ஐந்தாவது இறங்கி முடிவதற்குள் பல் முடிந்துவிட்டது.

ஐந்து மேடுகள். மாடியில் வாட்டர் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்கிறது, யாரோ மோட்டாரை நிறுத்து என்று கத்துகிறார்கள், எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடக்கிறது. முதல் மேட்டுக்கும் ரெண்டாவது மேட்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி, பிறகு உள்ளே போகப்போக நெருங்கிக்கொண்டே வருகின்றன, முதலில் ஏமாந்து, கூடிக்கொண்டே போகிறதோ என்று நினைத்தேன், இல்லை, பல் வளர்கிற வேகம் வயசாக ஆகக் குறையும், நெருங்குவது மேடுகள் இல்லை, பல்தான் சோம்பேறியாகிறது. வேகத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால். காகிதம், பென்சில், காகிதம் எங்கே, கையுறையின் மேலேயே எழுதுகிறேன். சமம். ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம். வருஷத்துக்கு ஒருமுறை. ஏதோ ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குள் வருகிறது, கொஞ்ச நாள் இருக்கிறது, போய்விடுகிறது. அதனால்தான் கார்த்திகையில் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, சந்தோஷமா பயமா என்று பிரித்துச்சொல்ல என்னால் முடியாது, ஒரு ஆளை நேரில் பார்த்துவிட்டேன், முகம் தெரியவில்லை, நடை தெரிகிறது. எது வருஷத்துக்கு ஒருமுறை வரும். தீபாவளி வெடியா, இவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்துமஸுக்கு வெடி போடுவார்கள், ஆனால் ஒரு நாள் வெடிக்கு இவ்வளவு பெரிய மேடா. கோயில் கொடியேற்றமா. வீட்டுக்கு வெள்ளையடிப்பதா. பிறந்தது ஐப்பசி, முதல் மேடு ரெண்டு வயசு தாண்டி அரை வருஷம்போல, அப்படியென்றால் சித்திரை வைகாசிப் பக்கம், வெயில் காலம், சத்தியம் பண்ணமாட்டேன், ஒன்றிரண்டு மாசம் முன்னேபின்னே இருக்கலாம், ஆனாலும் வெயில் காலம். மாம்பழம். பெரிய லீவு. லீவுக்கு எங்காவது கூட்டிப்போகிறார்களா, எந்த ஊர், அங்கே என்ன இருக்கிறது. இது என் மெஷினுக்குத் தெரியாது. தெரிந்தவள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். லேசரை அணைத்தேன், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், கதவைத் திறந்தேன்.

வராந்தாவின் வெளிச்சத்தில் கண் கூசியது. அவள் எழுந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்து எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"டெல்பின், சுவரு இல்ல. வயித்துல இருக்கும்போது ஒண்ணுமே இல்ல. பொறந்த பிறகும் ரெண்டு வருஷம் ஒண்ணும் இல்ல."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "இன்னொரு தரம் சொல்லுங்க மேடம்" என்றாள்.

சொன்னேன். பிறகு கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன், லேசர் அணைஞ்சு கிடக்கு, பயப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டே. விரலால் தொட்டுக் காட்டினேன், இது அவன் உங்க வயித்துல, இதோ இங்க பொறந்தான், இது நடக்க ஆரம்பிச்சது, பாருங்க, தரை மாதிரி இருக்கு, இப்ப இங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. என் குரல் கிறீச்சிடுவது எனக்கே கேட்டது. "வருஷத்துக்கு ஒரு தடவ வருது டெல்பின். வெயில் காலமாத்தான் இருக்கணும். அவனுக்கு ரெண்டு வயசு ஆனதுல இருந்து. என்ன அது? லீவுக்கு எங்கயாவது போவீங்களா?"

"எங்கயும் போகமாட்டோம் மேடம். எங்க போக."

"அவனுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது வீட்ல என்ன மாறிச்சு?"

யோசித்தாள். "ஒண்ணும் மாறல. அவிய கொச்சியில போட்டுக்குப் போயிட்டு இருந்தாவ, ரீகன், எங்க வீட்டுக்காரவிய. பிள்ள மொகம் மறந்துரும்னு அந்த வருஷம்தான் இங்கயே திரும்பி வந்துட்டாவ. இங்க விசைப்படகுக்குப் போறாவ."

"வெயில் காலத்துல?"

"வெயில் காலத்துல போட்டு போகாதே மேடம். தடைக்காலம்லா, மீன் குஞ்சு பொரிக்கும்னு கவர்மெண்டு கடலுக்குப் போக விடாது. அவிய வீட்லதான் இருப்பாவ." அவள் முகம் லேசாக மலர்ந்தது. "ஜெனிஸுக்கு அந்த ரெண்டு மாசந்தான் மேடம் கொண்டாட்டம். அப்பன விட்டு நகரமாட்டான். அவிய சும்மா இருக்கமாட்டாவ, நாட்டுவள்ளத்துக்காரங்களுக்கு வலை கட்டிக் குடுப்பாவ, கூலிக்கு. அவன் பக்கத்துலயே உக்காந்து நூலு சுத்திக் குடுப்பான், குண்டு எண்ணிப் போடுவான்."

"என்ன குண்டு?"

"வலைக்குக் கட்டுவாவள்லா, அடியில தாழுறதுக்கு. ஈயக்குண்டு. அவியளே ஈயத்தக் காச்சி அச்சுல ஊத்துவாவ. வெளிய கடக்காத்துக்கு அடுப்பு நிக்காது, அதனால அடுக்களையிலதான். அவன் விசிறிக்கிட்டே இருப்பான், சூடு ஆறுனதும் எடுத்து வாயில வச்சுப் பல்லால கடிச்சுப் பாப்பான், வெள்ளையாத் தடம் விழும், அதுல அவனுக்கு..." அவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "என்ன மேடம்?"

நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். ஈயம். ஒரு வருஷமாக எல்லோரும் இந்தப் பெண்ணிடம் லெட் என்று சொல்லியிருக்கிறோம், டாக்டர் லெட் என்றார், தண்ணீர் பார்க்க வந்தவர்கள் லெட் என்றார்கள், நான், இயற்பியல் துறை, கஞ்சி பொங்குவதையெல்லாம் அழகாக எடுத்துச்சொன்ன நான், லெட், லெட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் லெட் இருக்கிறதா என்று கேட்டால் அவள் இல்லை என்றுதான் சொல்வாள். ஈயம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சொல், மூன்றெழுத்து, அவள் நாக்கிலேயே இருந்திருக்கிறது.

"டெல்பின், லெட்டுன்னா ஈயம்தான். காரீயம். ரெண்டும் ஒண்ணு."

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. சித்திரை பிறந்துவிட்டது. "இந்த வருஷம் தடை எப்ப?"

"நேத்துதான் மேடம் போட்டெல்லாம் கட்டுனாவ. ஜெனிஸுக்கு வயித்துவலின்னு பள்ளிக்கூடம் போகல. அவிய பாத்துக்கிடுதேன்னாவ, அதான் நான் வந்தேன்." சொல்லி முடிப்பதற்குள் அவள் பைக்குள் கையைவிட்டுப் போனைத் துழாவ ஆரம்பித்திருந்தாள். துழாவின வேகத்தில் சீப்பும் சில்லறையும் தரையில் கொட்டின. ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நான் என் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எடு, எடு.

"ஏளா, சொல்லு."

"என்ன செய்யுதிய?"

"சட்டிய இப்பத்தான் வச்சேன். நம்ம சூசை வலை கேட்டான்லா. பிள்ள விசிறுதான்."

"அணைங்க. அடுப்ப அணைச்சுட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

நான் குறுக்கே புகுந்தேன். "தண்ணி ஊத்தச் சொல்லாதீங்க, தெறிக்கும். அப்படியே விட்டுட்டு வெளிய போகச் சொல்லுங்க." டெல்பின் அதை அப்படியே சொன்னாள், குரல் உயராமல், ஆனால் மறுத்துப் பேச இடமில்லாத ஒரு குரலில். அடுப்புத் திருகுகிற சத்தம், ஏதோ தகரம் நகர்கிற சத்தம், எப்பா கால வலிக்குது என்று ஒரு சின்னக் குரல், கதவு, பிறகு போன் முழுக்கக் கடற்காற்று.

"வந்துட்டேன். இப்பச் சொல்லு."

அவள் சொன்னாள். நான் காட்டின வரிசையிலேயே சொன்னாள், வயிற்றில் ஒன்றுமில்லை, பிறந்து ரெண்டு வருஷம் ஒன்றுமில்லை, பிறகு வருஷத்துக்கு ஒரு மேடு, தடைக்கால மேடு, லெட்டுன்னா ஈயமாம். ஈயத்தக் காச்சுற புகை, அந்தத் தூசி, அவன் கடிச்ச குண்டு. நான் நடுவில் சொல்லவேண்டியதைச் சொன்னேன், இனி வீட்டுக்குள்ளே காய்ச்சக் கூடாது, குண்டு எல்லாம் வீட்டைவிட்டுப் போக வேண்டும், அடுக்களையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அதை டெல்பின் செய்யக் கூடாது, அவளுடைய ரத்தமும் பார்க்க வேண்டும், நாளைக்கே, அவளும் அந்த அடுக்களையில்தானே நாலு மாசமாக. உள்ளே போவது நின்றால் ரத்தத்தில் குறையும், வயிற்றுவலி குறையும், படிப்பு எவ்வளவு திரும்பும் என்று எனக்குத் தெரியாது, டாக்டரைத்தான் கேட்க வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

காற்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ரீகன் லைனில் இருக்கிறாரா என்று நான் போன் திரையை எட்டிப்பார்த்தேன்.

"அப்ப நாந்தானாளா?" என்றார். "எம் பிள்ளைக்கு நாந்தான் குடுத்தேனா?"

நான் டெல்பினையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் அந்த வீட்டில் அவள் தின்ற சுவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், சாப்பாட்டு நேரத்தில் பேசியிருக்கிறார்கள், அவர் ஒருமுறையாவது நிறுத்துங்கள் என்று சொல்லியிருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. இப்போது அவள் வாயைத் திறந்து ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் கைமாறிவிடும். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"நீங்க இல்ல" என்றாள். "நானும் இல்ல. ஈயம்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. ஜெனிஸ் ஏதோ கேட்டான், அவர் ஒன்றுமில்லைப்பா என்றார்.

"அவனுக்குச் சட்டைய மாத்தி, கை காலெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி விடுங்க. நான் அடுத்த பஸ்ஸுல வந்துருதேன்." பிறகு, தரையில் சிதறிக்கிடந்த சில்லறையைக் காலால் ஒதுக்கிவிட்டு, நாற்காலியை மேசைப்பக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "அத்தை அங்கதான இருக்காவ? போன அவிய கையில குடுங்க."

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகவே திரையை அவள் பக்கம் நன்றாகத் திருப்பி, கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்த அந்தச் சமதரையை, திரை முழுக்க அது மட்டும் தெரிகிற மாதிரி, பெரிதாக்கி வைத்தேன்.